முன்வரிசையில் புது இடம்: ஸ்க்ரம் கற்றவர்களின் கதை

றக்பி பார்த்துப் பழகாத ஒருவரிடம் இந்த விளையாட்டில் விளங்காத விசயம் எது எண்டு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்க்ரம் எண்டுதான் பதில் வரும். பதினாறு பேர் தலையைக் குனிந்து ஒருவருக்குள் ஒருவர் நுழைந்து தள்ளுகிறார்கள். நடுவில் பந்து போகிறது. திடீரென்று எல்லோரும் சரிந்து விழுகிறார்கள், மத்தியஸ்தர் விசில் ஊதுகிறார், ஒரு அணிக்குப் பெனால்டி கிடைக்கிறது. ஏன் எண்டு பார்த்தவனுக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியாது.

இதனால் பொதுவான ஒரு எண்ணம் உருவாகிவிட்டது: ஸ்க்ரம் என்றால் பாரமான ஆக்களின் பலப்பரீட்சை. யார் பெரிய உடம்போ அவன் வெல்லுவான். பாடசாலை அணிகளிலும் இதே கணக்குத்தான். வகுப்பிலேயே தடித்த பெடியன் எவனோ அவனை முன்வரிசைக்கு அனுப்பிவிடுவது.

ஸ்க்ரம்மின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அந்த வரலாற்றில் பெரிய உடம்புகள் சிறிய உடம்புகளிடம் தோற்றிருக்கின்றன. உலகத்திலேயே சிறந்த அணி எண்டு பெயரெடுத்தவர்கள் ஸ்க்ரம்மை முதலிலிருந்து படிக்கவேண்டி வந்திருக்கிறது, அதுவும் எதிரியிடம் போய். ஸ்க்ரம் ஒரு அறிவு. ஒருவர் இன்னொருவருக்குக் கையால் தொட்டு, தோளைத் திருத்தி, காலை நகர்த்திச் சொல்லிக்கொடுக்கிற அறிவு. அப்படியென்றால் அடுத்த கேள்வி தானாக வரும்: அது யாருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது, யாருக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை?

முதலில், யார் எங்கே நிற்கிறார்கள்

கதைக்குள் போக முன்னர் இடங்களைத் தெரிந்துகொள்வோம். இன்றைய ஸ்க்ரம்மில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். முன்வரிசையில் மூவர்: நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் ப்ரொப். இரண்டாம் வரிசையின் நடுவில் இரண்டு லொக். அவர்களுக்கு வெளியே, ஆளுக்கொரு ப்ரொப்பைத் தள்ளிக்கொண்டு இரண்டு ஃபிளாங்கர். எல்லோருக்கும் பின்னால் தனியாக நம்பர் எயிட்.

இரண்டு ப்ரொப்களும் ஒரே வேலையைச் செய்பவர்கள் போலத் தெரியும். உண்மையில் இரண்டும் வேறுவேறு தொழில். இடது பக்கம் நிற்பவர் லூஸ்ஹெட். அவருடைய தலையின் ஒரு பக்கம் வெளியே திறந்திருக்கும், எதிரணியின் பாரம் முக்கியமாக ஒரு தோளில்தான் வரும். வலது பக்கம் நிற்பவர் டைட்ஹெட். அவருடைய தலை எதிரணியின் ஹூக்கருக்கும் ப்ரொப்புக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு தோளிலும் பாரம். முன்னால் இருவர் அமுக்க, பின்னால் சொந்த அணியே தள்ள, இரண்டுக்கும் நடுவில் அவர் முறியாமல் நிற்கவேண்டும். ஸ்க்ரம்மின் தூண் எண்டு டைட்ஹெட்டைச் சொல்வது இதனால்தான்.

இடமே இல்லாத காலம்

இப்படித் தெளிவான இடங்கள் ஆரம்பத்தில் இருக்கவில்லை. 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாடசாலைகளில் ஸ்க்ரம் என்பது ஒரு பெரிய கும்பல். பந்து நடுவில் எங்கேயோ கிடக்கும், ஆட்கள் நிமிர்ந்து நின்றபடி அதைக் காலால் தள்ளிக்கொண்டு முன்னேறப் பார்ப்பார்கள். எதிரியின் கெண்டைக்காலில் உதைப்பதுகூட ஆட்டத்தின் ஒரு பகுதி. 1871 இல் இங்கிலாந்தின் றக்பி சங்கம் உருவானபோதுதான் அந்த உதை தடைசெய்யப்பட்டது. அதே வருசம் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதல் சர்வதேசப் போட்டியில் ஒரு பக்கத்துக்கு 20 பேர். 1877 இல்தான் அது 15 ஆகக் குறைந்தது.

ஆட்கள் குறைந்ததும் கும்பல் மெல்ல மெல்ல வரிசையாகியது. ஆனாலும் பிரித்தானிய அணிகளில் நீண்ட காலம் நிலையான இடம் எண்டு ஒன்று இல்லை. ஸ்க்ரம் நடக்கிற இடத்துக்கு யார் முதலில் ஓடி வருகிறாரோ அவர் முன்வரிசை. பிந்தி வருபவர் பின்வரிசை. இப்போது யோசித்தால் சிரிப்பு வரும். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ‘ப்ரொப் ஆகவே பிறந்தவன்’ எண்டு ஒருவனும் இல்லை. அந்த இடமே பிறகு கண்டுபிடிக்கப்பட்டது.

நியூசிலாந்தின் ஏழு பேர்

இடங்களைத் தொழிலாகப் பிரித்ததில் நியூசிலாந்து முன்னோடி. அவர்களுடைய ஸ்க்ரம்மில் ஏழு பேர்தான்: முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு. மிச்சமான எட்டாவது ஆள் ‘விங் ஃபோர்வேர்ட்’ என்ற பெயரில் வெளியே நின்றார். பந்தை ஸ்க்ரம்முக்குள் போடுவதும், எதிரணியின் ஸ்க்ரம் ஹாஃப் தன் ஆளை நெருங்காமல் மறித்துக்கொண்டு நிற்பதும் அவருடைய வேலை.

1905 இல் டேவ் கலஹர் தலைமையில் பிரித்தானியாவுக்குப் போன நியூசிலாந்து அணி இந்த முறையால்தான் எதிரணிகளைத் திணறடித்தது. அந்தப் பயணத்தில் 35 போட்டிகளில் தோற்றது ஒன்றே ஒன்று, வேல்ஸிடம் 3-0. யார் முதலில் வந்தாலும் முன்வரிசை எண்டு ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால், ஒவ்வொருவரும் தன் இடத்துக்குப் பயிற்சி பெற்ற ஒரு அணி வந்து நின்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. கலஹர்தான் அந்த விங் ஃபோர்வேர்ட். அவரைப் பிரித்தானியப் பத்திரிகைகள் ஏமாற்றுக்காரர் எண்டே எழுதின.

ஆனால் அந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் உள்ள அணி, மூன்று பேர் உள்ள அணியுடன் மோதும்போது இரண்டு தலைகளும் எதிரணியின் இடைவெளிகளுக்குள் போய்விடும். இரு ஓரத்திலும் வெளித்தலை எதிரணிக்கே. வெளித்தலை யாருடையதோ அவர்களுடைய ஹூக்கர்தான் பந்துக்குக் கிட்ட இருப்பார். 1928 இல் தென்னாபிரிக்காவுக்குப் போன நியூசிலாந்து இதை நேரிலே அனுபவித்தது. டேர்பனில் நடந்த முதல் டெஸ்டில் 17-0 எண்டு தோற்றார்கள். தொடரை 2-2 எண்டு சமப்படுத்தியது பெரிய விசயம். பிறகு 1930களின் தொடக்கத்தில் சர்வதேச விதி மாறியது. முன்வரிசையில் மூன்று பேர் கட்டாயம். பழைய ஏழு பேர் முறை அத்தோடு முடிந்தது.

இப்போது அந்த வீரர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் முன்வரிசையில் வளர்ந்தவன் ஒரே இரவில் ப்ரொப்பாகவோ ஹூக்கராகவோ மாறவேண்டும். விங் ஃபோர்வேர்ட் என்ற இடமே காணாமல் போய்விட்டது. ஒரு நாடு முழுவதும் தன் உடம்புக்குப் புது இடம் தேடிய காலம் அது.

ஓக்லண்டில் விழுந்த அடி

அதே நேரம் தென்னாபிரிக்காவில் வேறொரு முறை வளர்ந்திருந்தது. ஸ்டெல்லன்பொஷ் பல்கலைக்கழக வட்டாரத்தில் வளர்ந்த 3-4-1 அமைப்பு. மேலே நான் விளக்கிய இன்றைய ஸ்க்ரம் அதுதான். முன்பு பின்வரிசையில் மூன்று பேர் நின்று லொக்குகளைத் தள்ளுவார்கள். புது முறையில் ஓரத்து இருவர் முன்னே வந்து நேரடியாக ப்ரொப்களைத் தள்ளினார்கள். ப்ரொப்பின் இடுப்பு வெளியே பிதுங்காமல் நேராக நிற்கும். எட்டுப் பேரின் பலம் சிதறாமல் ஒரே கோட்டில் போகும். ஸ்க்ரம் முடிந்ததும் ஓரத்து இருவரும் சட்டென்று கழன்று ஓடவும் முடியும்.

1937 இல் தென்னாபிரிக்கா நியூசிலாந்துக்கு வந்தது. முதல் டெஸ்ட் நியூசிலாந்துக்கு, இரண்டாவது தென்னாபிரிக்காவுக்கு. மூன்றாவது ஓக்லண்டின் ஈடன் பார்க்கில். அதற்கு முன்னர், 1906 இல் தென்னாபிரிக்க அணிக்குத் தலைமை தாங்கிய போல் ரூஸிடமிருந்து அணிக்கு ஒரு தந்தி வந்ததாகச் சொல்வார்கள். அதில் ஒரே சொல் மூன்று தடவை: ஸ்க்ரம், ஸ்க்ரம், ஸ்க்ரம். அந்தக் காலத்து விதிப்படி பந்து கோட்டுக்கு வெளியே போனால் லைன் அவுட்டுக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கலாம். தென்னாபிரிக்கா திரும்பத் திரும்ப அதையே கேட்டது. 80 நிமிசம் நியூசிலாந்து முன்வரிசையை அரைத்துத் தள்ளியது. முடிவு 17-6. ஐந்து ட்ரை, நியூசிலாந்துக்கு ஒன்றுமில்லை.

பிறகு யுத்தம் வந்தது. டெஸ்ட் போட்டிகள் நின்றன. ஆனால் அந்தத் தோல்வியை நியூசிலாந்து மறக்கவில்லை.

எதிரியிடம் பாடம் கேட்டவர்கள்

1949 இல் நியூசிலாந்து மீண்டும் தென்னாபிரிக்காவுக்குப் போனது. அணியின் பயிற்றுநர் அலெக்ஸ் மெக்டொனால்ட், 1905 அணியில் ஆடிய அதே ஆள். ஏழு பேர் ஸ்க்ரம்மில் வளர்ந்த ஒருவர், எட்டுப் பேர் ஸ்க்ரம்முக்கு முன்னால் நாற்பது வருசம் கழித்து வந்து நிற்கிறார். பயணத்தின் ஆரம்பப் போட்டிகளிலேயே நியூசிலாந்து ஸ்க்ரம் தடுமாறியது.

அப்போது நடந்ததாக றக்பி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற ஒரு கதை இருக்கிறது. நியூசிலாந்துக்காரர் நேராகப் போய் எதிரணியின் டானி கிரேவனிடம் உதவி கேட்டார்கள். கிரேவனும் வந்து 3-4-1 முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கிரேவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்க்ரம் ஹாஃப் ஆகப் புகழ்பெற்றவர், ஆனால் டெஸ்ட் போட்டிகளில் நம்பர் எயிட் உட்பட வேறு இடங்களிலும் ஆடியிருக்கிறார். புது இடத்தில் போய் நின்றால் உடம்புக்கு என்ன தெரியாமல் போகும் எண்டு அவருக்கு நேரடியாகத் தெரியும்.

அந்தத் தொடரை நியூசிலாந்து 4-0 எண்டு தோற்றது. முதல் டெஸ்டில் ட்ரை ஒன்றும் போடாத தென்னாபிரிக்கா, ஒக்கி கெஃபின் அடித்த ஐந்து பெனால்டிகளால் 15-11 எண்டு வென்றது. அதை வைத்துப் பார்த்தால் பாடம் வீண் எண்டுதான் தோன்றும். ஆனால் ஸ்க்ரம் ஒரு மாதத்தில் படிக்கிற பாடம் இல்லை. அந்த 1949 அணியில் ஒரு இளம் ப்ரொப் இருந்தார், கெவின் ஸ்கின்னர். அவர் அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பக்கம் மாறிய ஸ்கின்னர்

1956 இல் தென்னாபிரிக்கா நியூசிலாந்துக்கு வந்தது. இரண்டு டெஸ்ட் முடிவில் 1-1. தென்னாபிரிக்காவின் ப்ரொப்கள் கிறிஸ் கொக்கும் யாப் பெக்கரும் நியூசிலாந்து முன்வரிசையைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தார்கள். தெரிவாளர்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்த ஸ்கின்னரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஸ்கின்னர் 1947 இல் நியூசிலாந்தின் அதிபார எடைப்பிரிவுக் குத்துச்சண்டைச் சம்பியன். ஆகவே இந்தக் கதையை எல்லோரும் அடிதடிக் கதையாகத்தான் சொல்லுவினம். குத்து விழுந்தது உண்மை.

ஆனால் அந்தக் கிறைஸ்ட்சேர்ச் போட்டியில் குத்தைவிடப் பெரிய விசயம் இடைவேளையில் நடந்தது. முதல் பாதியில் ஸ்கின்னர் ஒரு பக்கம் நின்று கொக்கை எதிர்கொண்டார். இரண்டாம் பாதியில் மற்ற ப்ரொப் இயன் கிளார்க்குடன் இடம் மாறி, மறுபக்கம் போய் பெக்கரை எதிர்கொண்டார். ஒரே போட்டிக்குள் டைட்ஹெட் லூஸ்ஹெட் ஆனார்.

இது எவ்வளவு கஷ்டம் எண்டு விளங்க, வலது கைப் பழக்கமுள்ள ஒருவர் இடது கையால் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். வலக்கையால் வெளியே பிடித்தவர் இப்போது இடக்கையால் உள்ளே பிடிக்கவேண்டும். எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே எண்ட கணக்கு தலைகீழாகும். இரண்டு தோளால் தாங்கிய கழுத்து ஒரு தோளுக்குப் பழகவேண்டும். ஸ்கின்னரால் அது முடிந்தது. இரண்டு பக்கத்தின் இலக்கணமும் அவருக்குத் தெரிந்திருந்தது. நியூசிலாந்து அந்தப் போட்டியை 17-10 எண்டும், அடுத்ததை 11-5 எண்டும் வென்று, தென்னாபிரிக்காவுக்கு எதிரான தொடர் ஒன்றை முதல் தடவையாகக் கைப்பற்றியது.

ஈடன் பார்க் தோல்விக்கும் இந்த வெற்றிக்கும் இடையில் 19 வருசம். ஒரு ஸ்க்ரம்மைப் படிக்க ஒரு நாட்டுக்கு எடுத்த காலம்.

வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

இதுவரை சொன்னது அழகான கதை. எதிரியும் எதிரியும் அறிவைப் பகிர்கிறார்கள், தோற்றவன் படித்து வெல்கிறான். ஆனால் இந்தக் கதையில் யார் இல்லை எண்டு இப்போது பாருங்கள்.

1928 இல் நியூசிலாந்தின் பெரும் வீரர் ஜோர்ஜ் நேப்பியா தென்னாபிரிக்காவுக்குக் கூட்டிச் செல்லப்படவில்லை. காரணம் அவர் மாவோரி. 1949 இலும் அதே கதை. ஜொனி ஸ்மித், வின்ஸ் பெவன் போன்றவர்கள் மாவோரி என்பதால் வீட்டில் விடப்பட்டார்கள். பெவன் ஒரு ஸ்க்ரம் ஹாஃப். அதாவது கிரேவன் நியூசிலாந்துக்குப் பாடம் நடத்தியபோது, அந்தப் பாடத்தைக் கேட்டிருக்க வேண்டிய சிலர் கப்பலிலேயே ஏற்றப்படவில்லை. 1970 இல்தான் மாவோரி வீரர்கள் தென்னாபிரிக்காவுக்குப் போகமுடிந்தது, அதுவும் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற கேவலமான அடையாளத்தோடு.

தென்னாபிரிக்காவுக்கு உள்ளே நிலைமை இன்னும் மோசம். அங்கே றக்பி வெள்ளையர் விளையாட்டு, கறுப்பின மக்களுக்கு உதைபந்தாட்டம்தான் எண்டு இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். அது பொய். கிழக்குக் கேப் பகுதியில் கறுப்பின மக்கள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கழகம் வைத்து ஆடியவர்கள். கலப்பின மக்களின் றக்பிச் சபை 1897 இல் கிம்பர்லியில் உருவானது. விளையாட்டு இருந்தது, ஆர்வம் இருந்தது, மூன்று நான்கு தலைமுறைப் பாரம்பரியம் இருந்தது. நல்ல மைதானமும் வசதியும், அவற்றோடு தேசிய அணிக்குப் போகிற பாதையும் மட்டும் மூடப்பட்டிருந்தன. நியூசிலாந்துக்குத் தாராளமாகப் பாடம் சொன்ன அதே கிரேவன், 1956 முதல் வெள்ளையர் றக்பிச் சபையின் தலைவராக இருந்தவர். அவருடைய சொந்த ஊரின் கறுப்பினப் பெடியன் ஒருவன் தேசிய அணிக்குத் தகுதி பெறமுடியாது. வெளிநாட்டு எதிரிக்குத் திறந்த கதவு, உள்நாட்டு மக்களுக்குப் பூட்டியிருந்தது.

1988 ஒக்டோபரில் கிரேவனும் அவருடைய சபையினரும் ஹராரே நகரத்துக்குப் போய், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த ஆபிரிக்கத் தேசிய காங்கிரசுடன் பேசினார்கள். 1992 இல் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகின.

ஒன்றானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1995 உலகக் கிண்ணத்தை வென்ற தென்னாபிரிக்க அணியில் வெள்ளையர் அல்லாத ஒரே வீரர் செஸ்டர் வில்லியம்ஸ், அவர் விங். அதற்குப் பிறகும் கறுப்பின வீரர்களை ஓரத்தில், விங்கில் நிறுத்தும் பழக்கம் தொடர்ந்தது. அவர்களுக்கு வேகம் இருக்கிறது, அதனால் ஓடட்டும் எண்டு ஒரு நியாயம். முன்வரிசை என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் இரகசியம், அது ‘அவர்களுக்கு’ வராது எண்டு சொல்லாமல் சொல்லும் இன்னொரு நியாயம். ஓடுவதற்கு வேகம் போதும். ஸ்க்ரம்முக்கு ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியரைக் கொடுக்காமல் வைத்திருந்தவர்களே, ‘பார், இவர்களுக்குத் தெரியாது’ எண்டு சொன்னார்கள்.

ஹராரேயிலிருந்து டேர்பன்

கிரேவன் பேசப்போன அதே ஹராரேயில் அப்போது மூன்று வயதுக் குழந்தையாக இருந்தவர் டெண்டாய் முடவரிரா. 1985 இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே ‘பீஸ்ட்’ எண்டு பட்டப்பெயர். சிம்பாப்வேயில் பாடசாலை றக்பி ஆடிவிட்டு, டேர்பனின் ஷார்க்ஸ் கழகத்துக்கு வந்தார். வந்தது பின்வரிசை வீரராக. பந்தைக் கையில் எடுத்து ஆட்களை இடித்துக்கொண்டு ஓடுவதுதான் அவருக்குத் தெரிந்த றக்பி.

பயிற்றுநர் டிக் மியூர் அவரைப் பார்த்து, நீ லூஸ்ஹெட் ப்ரொப் ஆகவேண்டும் எண்டார்.

வெளியே இருந்து பார்த்தால் இரண்டு வரிசை முன்னே போவதுதானே எண்டு தோன்றும். ஆனால் பின்வரிசையில் நிற்பவர் ஸ்க்ரம்மில் இருந்தபடியே ஆட்டத்தைப் பார்க்கலாம், பந்து வெளியே வந்ததும் முதல் ஆளாகக் கழன்று ஓடலாம். ப்ரொப்புக்குத் தெரிவது புல்லும் எதிரியின் காற்சட்டையும் மட்டும். எல்லாவற்றையும் தோலால் உணரவேண்டும். எதிரி உள்ளே திரும்புகிறானா, கீழே இழுக்கிறானா, மேலே தூக்கப் பார்க்கிறானா எண்டு தோளும் கையும்தான் சொல்லும்.

அதனால் புது ப்ரொப் ஒருவருக்குப் பாடம் அடியிலிருந்து தொடங்கும். முதுகு மேசை போல மட்டமாக இருக்கவேண்டும். தோள் இடுப்பைவிடக் கீழே போகக்கூடாது. நாடி நெஞ்சில் ஒட்டாமல், கண் மேலே பார்க்கவேண்டும். கழுத்து மடங்கினால்தான் ஆபத்து. கால் விரிந்து, முழங்கால் மடிந்து, பாதத்தின் முன்பக்கம் நிலத்தைக் கவ்வவேண்டும். லூஸ்ஹெட்டின் இடக்கை எதிரியின் வலக்கைக்கு உள்ளே போய் அவருடைய சட்டையைப் பிடிக்கவேண்டும். கையைப் பிடித்தாலோ நிலத்தைத் தொட்டாலோ பெனால்டி. தள்ளுவது பெரிய எட்டு வைத்தல்ல, சின்னச் சின்ன அடியாக. முதலில் இயந்திரத்தில், பிறகு ஒருவருக்கு ஒருவர், மூவருக்கு மூவர், கடைசியில்தான் எட்டுப் பேர். இந்த ஒழுங்கைத் தாண்டக்கூடாது.

முடவரிராவும் இந்தப் படிகளில் ஏறித்தான் வந்தார். 2008 இல் வேல்ஸுக்கு எதிராகப் பிரிட்டோரியாவில் முதல் டெஸ்ட். அடுத்த வருசம் ஜூன் 20 ஆம் திகதி டேர்பனில், பிரித்தானிய ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக ஆடினார். எதிரே நின்றவர் ஃபில் விக்கரி, 2003 இல் இங்கிலாந்துடன் உலகக் கிண்ணம் வென்ற டைட்ஹெட். அன்றைக்கு ஒவ்வொரு ஸ்க்ரம்மிலும் விக்கரி நிலைகுலைந்தார், பெனால்டிக்கு மேல் பெனால்டி. இரண்டாம் பாதியின் ஆரம்பத்தில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். தென்னாபிரிக்கா 26-21 எண்டு வென்றது. சில வருசத்துக்கு முன்னர் ஸ்க்ரம்மில் எப்படிக் கை வைப்பது எண்டு படித்துக்கொண்டிருந்த ஒருவர், உலகச் சம்பியன் ஒருவருக்குப் பாடம் எடுத்தார்.

அன்றைய தென்னாபிரிக்க முன்வரிசையில் புது இடத்தில் நின்றவர் அவர் மட்டுமில்லை. அணித்தலைவர் ஜோன் ஸ்மிட் 2007 இல் ஹூக்கராக உலகக் கிண்ணம் தூக்கியவர். அன்று அவர் நின்றது டைட்ஹெட்டில். ஆனால் அவருடைய மாற்றம் நிலைக்கவில்லை. பலமான எதிரணிகள் அவரை அந்த இடத்தில் சோதித்தன, பிறகு ஹூக்கர் இடத்துக்கே திரும்பினார். பெரிய தலைவர், அனுபவசாலி, இருந்தும் ஸ்க்ரம்மில் ஒரு அடி தள்ளி நிற்பது அவ்வளவு லேசான விசயம் இல்லை.

முடவரிரா 117 டெஸ்ட் ஆடினார். கடைசிப் போட்டி 2019 உலகக் கிண்ண இறுதி, யோக்கோஹாமா. இங்கிலாந்தின் ஸ்க்ரம் அன்று உடைந்துபோனது, தென்னாபிரிக்கா 32-12 எண்டு வென்றது. கிண்ணத்தைத் தூக்கிய கறுப்பினத் தலைவர் சியா கொலிசியின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு விசயம். அன்று ஆட்டத்தைத் தொடங்கிய முன்வரிசை: முடவரிரா, போங்கி எம்பொனாம்பி, ஃப்ரான்ஸ் மல்ஹர்ப. மூவரில் இருவர் கறுப்பினத்தவர். ‘அவர்களுக்கு வராது’ எண்டு சொல்லப்பட்ட இடத்திலிருந்துதான் அந்தப் போட்டி வெல்லப்பட்டது.

கழுத்தும் விதியும்

இவ்வளவும் வாசித்துவிட்டு, அப்போ யாரையும் எந்த இடத்துக்கும் மாற்றலாம் எண்டு நினைக்கவேண்டாம். படிக்காமல் முன்வரிசைக்குப் போனவர்களின் வரலாறும் இருக்கிறது, அது சக்கர நாற்காலிகளின் வரலாறு. உயர்மட்டப் போட்டியில் ஒரு பக்க எட்டுப் பேரின் நிறை மட்டும் 900 கிலோ அளவில் வரும். இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு ஓடிவந்து மோதுவது போல இணைந்த காலத்தில், அந்த மோதல் முழுவதும் ஆறு பேரின் கழுத்தில்தான் இறங்கியது.

அதனால் விதி மாறியது. 2013 இலிருந்து மத்தியஸ்தர் சொல்வது மூன்று சொல்: கிரவுச், பைண்ட், செட். குனி, பிடி, இணை. ப்ரொப்கள் முதலில் எதிரியைப் பிடித்துக்கொண்ட பிறகே இணையமுடியும். ஓடிவந்து இடிக்க இடமில்லை. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. முன்வரிசைக்குப் பயிற்சி பெற்ற மாற்று வீரர் இல்லையென்றால், அதற்குப் பிறகு வரும் ஸ்க்ரம்களில் தள்ளுவதே கிடையாது. ஒரு ப்ரொப் காயப்பட்டால் ‘நீ போய் நில்’ எண்டு யாரையும் பிடித்துத் தள்ள விதி இடம் கொடுக்காது. பாடசாலை அணிகளில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். படித்துத் தராமல் முன்வரிசையில் நிற்கச் சொன்னால், மாட்டன் எண்டு சொல்வது கோழைத்தனம் இல்லை. விதி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

நமக்கு என்ன

இலங்கையில் கழக றக்பி 1879 இல் கொழும்பில் தொடங்கியது. அங்கிருந்து அது தேயிலை மலைகளுக்கும் ஏறியது. டிக்கோயா, டிம்புள, ஊவா எண்டு தோட்டத் துரைமாரின் கழகங்கள் நல்ல பெயரோடு இருந்தன. அந்த மைதானங்கள் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தன. சுற்றிவர லயங்களில் வாழ்ந்தவர்கள் மலையகத் தமிழர். மலையில் கொழுந்துக் கூடையையும் உரமூட்டையையும் தூக்கி ஏறி இறங்கிய உடம்புகளுக்குப் பலம் போதாது எண்டு யாரும் சொல்லமுடியாது. அவர்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் இடையில் நின்றது பலம் இல்லை, கழகத்தின் கதவு.

ஒரு இடத்தில் யாரையும் காணவில்லை என்றால், அவர்களுக்கு அது வராது எண்டு சொல்லிவிட்டுப் போவது சுலபம். நியூசிலாந்தின் சிறந்த வீரர்களுக்கே ஸ்க்ரம் 1937 இல் வரவில்லை. பிறகு யாரோ ஒருவர் தோளைத் தொட்டுத் திருத்தினார், வந்தது. முடவரிராவுக்கும் அப்படித்தான் வந்தது. அடுத்த தடவை ஒரு அணியையோ, ஒரு பல்கலைக்கழகப் பீடத்தையோ, ஒரு அலுவலகத்தையோ பார்த்து, இந்த ஆக்கள் ஏன் இங்கே இல்லை எண்டு யோசிக்கேக்க, அவர்களுக்குத் தெரியுமா எண்டு கேட்க முன்னர் இன்னொன்றைக் கேளுங்கள்: அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?